ஒரே சம்பளத்தில் வீடும் காரும்: போருக்குப் பிந்தைய அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்வெளி வைத்த சின்ன வீடு, வாசலில் நீளமான கார், கவுன் போட்ட அம்மா, தொப்பி வைத்த அப்பா, மூன்று பிள்ளைகள். "அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தில் இதெல்லாம் கிடைத்தது" என்ற வரியோடு இந்தப் படம் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு பத்தி போதும். வீடு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தின் முக்கால்வாசிக் கதை வீட்டுக் கடனில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எந்த ஆண்டுகளைச் சொல்கிறோம்?

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் தொடங்கி 1960களின் முற்பகுதி வரை. ஐசன்ஹோவர் குடியரசுத் தலைவராக இருந்த 1953 முதல் 1961 வரையிலான ஆண்டுகளைத்தான் பெரும்பாலோர் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். இடையில் எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1949, 1954, 1958 ஆண்டுகளை ஒட்டி மூன்று முறை பொருளாதாரம் சுணங்கியது. 1950இல் கொரியாவில் போர் மூண்டது. அது ஓய 1953 ஆயிற்று.

ஒருவர் சம்பாதித்து வீடு, கார் வாங்கியது உண்மைதானா?

உண்மை. ஆனால் எந்த வீடு, எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 1950இல் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுனில் 1949இல் விற்ற புது வீட்டின் விலை 7,990 டாலர். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு வருமானம். மாதத் தவணை 60 டாலருக்குள் அடங்கியது. இன்றைக்குச் சென்னையிலோ நியூயார்க்கிலோ வீடு தேடுகிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த வீடு சுமார் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை, பூச்சு வேலை முடியாத மேல்மாடம். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறி அறை கட்டிக்கொள்ள வேண்டும். காரும் ஒன்றுதான். அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் அம்மாவும் பிள்ளைகளும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெந்நீர்க் குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, குளியல்தொட்டி என்ற முழு வசதி இல்லை என்று பதிவாகியிருக்கிறது. வாட்ஸாப் படத்தில் இந்த வீடுகள் வருவதில்லை.

"ஒரே சம்பளம்" என்பதும் பாதி உண்மைதான். 1950இல் கணவருடன் வாழ்ந்த மனைவியரில் நாலில் ஒருவர் வேலைக்குப் போனார். 1960இல் பத்துக்கு மூவர்.

திடீரென்று அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

போரிலிருந்து. 1942 தொடக்கத்திலிருந்து போர் முடியும் வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ஒரு புதுக் கார்கூடச் செய்யவில்லை. தொழிற்சாலைகள் டாங்கியும் விமானமும் செய்தன. எல்லோருக்கும் வேலை இருந்தது, மிகைநேரச் சம்பளம் வந்தது, வாங்கத்தான் பொருள் இல்லை. இறைச்சி, சர்க்கரை, பெட்ரோல் எல்லாம் ரேஷன். பணம் போர்ப் பத்திரங்களிலும் வங்கியிலும் சேர்ந்தது. போர் முடிந்ததும் பதினைந்து ஆண்டு ஆசைகள் ஒரே நாளில் கடைக்குப் படையெடுத்தன. முதல் பத்தாண்டு, 1930களின் பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவின் வறுமை, பிறகு போர்க்காலத் தட்டுப்பாடு என்று எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

இன்னொரு பக்கம், ஜெர்மனியும் ஜப்பானும் தரைமட்டமாகிக் கிடந்தன, பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. போட்டியாளர் எல்லோரும் படுத்திருக்கும்போது ஓடிய ஓட்டம் அது. இதைச் சொல்லாமல் "அமெரிக்கர்களின் உழைப்பு" என்று மட்டும் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஜி.ஐ. சட்டம் என்றால் என்ன?

போர்முனையிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்காகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்திட்ட சட்டம். படைவீரர்களை அங்கே "ஜி.ஐ." என்று அழைப்பார்கள், அதனால் அந்தப் பெயர். முதல் உலகப்போர் வீரர்களை வெறுங்கையோடு அனுப்பியதால் 1932இல் அவர்கள் வாஷிங்டனில் கூடாரமடித்துப் போராடினார்கள், ராணுவமே அவர்களை விரட்டியது. அந்த அவமானம் அரசியல்வாதிகளுக்கு நினைவிருந்தது. ஒரு கோடியே 60 லட்சம் பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் மறுபடி மந்தம் வருமே என்ற பயமும் இருந்தது.

வேலை கிடைக்கும் வரை வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். படிக்க விரும்பினால் கல்விக் கட்டணம், புத்தகம், வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகை. வீடோ கடையோ வாங்கக் கடன் எடுத்தால் அரசு உத்தரவாதம். சுமார் 78 லட்சம் பேர் படிப்பு, தொழிற்பயிற்சி உதவியைப் பயன்படுத்தினார்கள். அதில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அதுவரை கல்லூரி என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகள் போகும் இடம். இப்போது மனைவி, கைக்குழந்தையோடு வந்த முப்பது வயது ஆட்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பேராசிரியரைக் குடைந்தார்கள்.

வீட்டுக் கடனில் அப்படி என்ன புதுமை?

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீடு வாங்க விலையில் பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதிக்குக் கிடைக்கும் கடனும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குத்தான். கெடு முடிந்ததும் முழு அசலையும் கட்ட வேண்டும், முடியாவிட்டால் வட்டிக்காரரிடம் மறுபடி கையேந்த வேண்டும். பெருமந்தத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இப்படித்தான் பறிபோயின.

1934இல் ரூஸ்வெல்ட் அரசு கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் என்ற அமைப்பை உண்டாக்கியது. அது யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கிக்கு நட்டம் வராமல் காப்பீடு கொடுத்தது. வங்கிக்குப் பயம் போனதும் முன்பணம் குறைந்தது, தவணைக் காலம் 20, 25, 30 ஆண்டு என்று நீண்டது, வட்டி இறங்கியது. மாதாமாதம் கட்டும் தொகையிலேயே அசலும் கழிந்துகொண்டு வந்தது. ஜி.ஐ. சட்டம் இதற்கு மேல் ஒரு படி போய், படைவீரருக்கு முன்பணமே இல்லாமல் கடன் கிடைக்க வழி செய்தது. 1940இல் நூற்றில் 44 குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. 1960இல் 62 குடும்பங்களுக்கு. சிக்கனமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததால் வந்த மாற்றம் இல்லை இது. கடனுக்குப் பின்னால் அரசு நின்றதால் வந்தது.

லெவிட்டவுன் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1946இல் வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். திருமணமான வீரர்கள் மாமியார் வீட்டின் ஒற்றை அறையில் ஒண்டினார்கள். ராணுவத்தின் தகரக் கூடாரங்களில் குடியிருந்தார்கள். சிகாகோவில் 250 பழைய டிராம் பெட்டிகளை வீடாக்கிக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள்.

அந்த நேரத்தில் வில்லியம் லெவிட் என்ற கட்டடக்காரர், லாங் தீவில் உருளைக்கிழங்கு விளைந்துகொண்டிருந்த வயல்களை வாங்கி 1947இல் வேலையைத் தொடங்கினார். அவர் போரின்போது கடற்படையின் கட்டுமானப் பிரிவில் இருந்தவர். கார்த் தொழிற்சாலையில் கார் நகரும், ஆட்கள் நின்ற இடத்தில் நின்று வேலை பார்ப்பார்கள். இங்கே வீடு நகராது, எனவே ஆட்களை நகர்த்தினார். வேலையை 27 கட்டங்களாகப் பிரித்தார். ஒரு குழு கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னால் வரும் குழு சட்டம் நிறுத்தும். வெள்ளை வண்ணம் அடிப்பவர் வெள்ளை மட்டும், சிவப்பு அடிப்பவர் சிவப்பு மட்டும். வாஷிங் மெஷினைத் தரையில் போல்ட் போட்டுப் பொருத்துவதையே நாள் முழுக்கச் செய்தவர்கள் இருந்தார்கள். மரம் அளவாக வெட்டப்பட்டு லாரியில் வந்து இறங்கும். ஆணியைக்கூடச் சொந்தமாகச் செய்துகொண்டார். தொழிற்சங்க ஆட்களை வேலைக்கு வைக்கவில்லை. வேலை சூடுபிடித்த நாட்களில் ஒரு நாளைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. 1951இல் மொத்தம் 17,000 வீடுகளைத் தாண்டியிருந்தது.

அடித்தளத்தில் நிலவறை தோண்டவில்லை, செலவு மிச்சம். தரைக் கான்கிரீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் பதித்துக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கினார்கள். ஃப்ரிட்ஜும் அடுப்பும் வாஷிங் மெஷினும் வீட்டோடு வந்தன. 1950 மாடலில் சுவரிலேயே பதித்த டிவி வேறு.

கூடவே விதிகளும் வந்தன. வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும். வேலி போடக் கூடாது. துணி காயப்போட நீளக் கொடி கட்டக் கூடாது, சுழலும் சட்டத்தில்தான் போட வேண்டும், அதையும் சனி ஞாயிறுகளில் வெளியே வைக்கக் கூடாது. நம்மூர்க் குடியிருப்போர் சங்கங்கள் இவரிடம் பாடம் கேட்டவை போலிருக்கிறது.

அந்த வீடுகளில் கறுப்பினத்தவர் குடியேறினார்களா?

விடவில்லை. லெவிட்டவுனின் தொடக்கக் குத்தகைப் பத்திரத்திலேயே, வெள்ளையர் அல்லாதவர் வீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விதி எழுதியிருந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. பத்திரத்தில் இருந்த வரி போயிற்று, வழக்கம் அப்படியே நின்றது. லெவிட் யூதர், யூத குருவின் பேரன். ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று தெரியாதவர் அல்ல. ஆனாலும், வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம் அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பழியை அவர் ஒருவர் தலையில் போட்டுவிட முடியாது. மேலே சொன்ன அந்தக் கடன் காப்பீட்டு அமைப்பே தன் வழிகாட்டி நூலில், பல இனத்தவர் கலந்து வாழும் பகுதி நிலையற்றது என்றும், இனக் கட்டுப்பாடு எழுதிய பத்திரம் நல்லது என்றும் சொல்லியிருந்தது. இன்னொரு அரசு அமைப்பு தயாரித்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வசித்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பகுதியில் வீடு வாங்கக் கடன் கேட்டால் வங்கி கையை விரித்துவிடும். வெள்ளையர் பகுதியில் வாங்கலாம் என்றால் விற்க ஆளில்லை. ஜி.ஐ. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, ஆனால் கடன் கொடுக்க வேண்டியவை உள்ளூர் வங்கிகள். 1947இல் மிசிசிப்பியின் நகரங்களில் எடுத்த ஒரு கணக்குப்படி, படைவீரர்களுக்குக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு.

1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் லெவிட் கட்டிய இரண்டாவது ஊரில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி, மூன்று பிள்ளைகளோடு குடிவந்தார்கள். கம்பெனியிடமிருந்து வாங்கவில்லை, அங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக் குடும்பம் தன் வீட்டை விற்றது. வில்லியம் போரில் பணியாற்றியவர், மற்றக் குடித்தனக்காரர்கள் போலவே. சேதி பரவியதும் மாலை நேரங்களில் நூற்றுக்கணக்கானோர் வீட்டு வாசலில் கூடினார்கள். கல் வந்து கூடத்துக் கண்ணாடியை உடைத்தது. மாநிலப் போலீஸ் வர வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் நடந்த இந்தத் தொல்லைக்குக் கடைசியில் நீதிமன்றம் தடை போட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக் குடும்பம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே மையர்ஸ் குடும்பத்துக்குத் துணையாக நின்றது. மையர்ஸ் குடும்பம் நாலு ஆண்டு போல அங்கே இருந்தது.

வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த கூட்டரசுச் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் புறநகர் வீடுகளின் விலை ஏறத் தொடங்கிவிட்டது. முதலில் வாங்கியவர்கள் அந்த ஏற்றத்தை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், சாகும்போது வீட்டை விட்டுச் சென்றார்கள். இன்று வெள்ளை, கறுப்பினக் குடும்பங்களின் சொத்துக்கு இடையே உள்ள பெரும் இடைவெளியின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

சிவில் உரிமைப் போராட்டம் 1960களில்தானே நடந்தது?

சட்டங்கள் அப்போது வந்தன. போராட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதையடுத்து ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். வீட்டு வேலை பார்த்த பெண்கள் மைல் கணக்கில் நடந்து போய்த் திரும்பினார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறை வைத்து ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றபோது மார்ட்டின் லூதர் கிங்குக்கு 26 வயது.

பெண்கள் வீட்டோடு மகிழ்ச்சியாக இருந்தார்களா?

போரின்போது வெல்டிங் செய்த, விமானத்துக்கு ரிவெட் அடித்த பெண்களை, ஆண்கள் திரும்பியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திருமண வயது இறங்கியது. 1950களின் நடுவில் பெண்களில் பாதிப் பேருக்கு 20 வயதை ஒட்டியே முதல் திருமணம் ஆகிவிட்டது. பத்திரிகைகளும் விளம்பரங்களும் பளபளக்கும் சமையலறையில் சிரிக்கும் இல்லத்தரசியைக் காட்டின.

அந்தச் சமையலறை உலக அரசியலுக்கும் பயன்பட்டது. 1959 ஜூலையில் மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி நடந்தது. அங்கே வைத்திருந்த மாதிரி வீட்டின் சமையலறையில் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். நிக்சன் வாஷிங் மெஷினைக் காட்டி, எங்கள் பெண்களின் பாரத்தைக் குறைக்கிறோம் என்றார். பெண்களைப் பற்றிய அந்த முதலாளித்துவ மனப்பான்மை எங்களிடம் இல்லை என்று குருஷ்சேவ் வெட்டினார். சோற்றை வாயில் போட்டு உள்ளே தள்ளிவிடும் இயந்திரம் இல்லையா என்று கிண்டலும் அடித்தார். இந்த 14,000 டாலர் வீட்டை எங்கள் எஃகுத் தொழிலாளி எவரும் வாங்க முடியும் என்பது நிக்சனின் வாதம். அதே வாரத்தில் ஐந்து லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் என்பதை அவரே அங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாஷிங் மெஷின் உண்மையிலேயே வேலையைக் குறைத்ததா? துவைக்கும் வலி குறைந்தது, ஆனால் வாரம் ஒரு முறை துவைத்தவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைக்கத் தொடங்கினார்கள். படித்த பெண்கள் பலருக்குள் ஒரு வெறுமை இருந்தது. 1963இல் பெட்டி ஃப்ரீடன் அதைப் பெயரில்லாத பிரச்சினை என்று எழுதியபோது நாடு முழுக்கப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழைப் பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் இந்த வெறுமைக்கு நேரம் இருந்ததில்லை. அவர்கள் எப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பலர் அந்தப் புறநகர் வீடுகளுக்கே.

'பேபி பூம்' என்பது எவ்வளவு பெரியது?

1946 முதல் 1964 வரை சுமார் 7 கோடியே 60 லட்சம் பிறப்புகள். உச்சம் 1957இல், அந்த ஓர் ஆண்டில் மட்டும் 43 லட்சம். பள்ளிக்கூடங்களில் இடம் போதாமல் காலை, மாலை என்று ஷிப்டு முறையில் வகுப்பு நடத்தினார்கள்.

அந்தப் பெற்றோரின் பெரிய பயம் போலியோ. கோடை வந்தால் நீச்சல் குளங்களை மூடுவார்கள், பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். 1952இல் மட்டும் சுமார் 58,000 பேருக்கு வந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1955 ஏப்ரல் 12 அன்று ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வேலை செய்கிறது என்ற அறிவிப்பு வந்தபோது தேவாலய மணிகள் அடித்தன. காப்புரிமை யாருக்கு என்று டிவியில் கேட்டதற்கு, சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்று சால்க் திருப்பிக் கேட்டார்.

டிவி எவ்வளவு வேகமாக வந்தது?

1950இல் பத்து வீட்டில் ஒன்றில்கூட முழுசாக இல்லை. 1960இல் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வீட்டில். இவ்வளவு வேகமாக வேறெந்தப் பொருளும் அதற்கு முன் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

1953 ஜனவரி 19 இரவு, லூசில் பால் நடித்த நகைச்சுவைத் தொடரில் கதாநாயகிக்குக் குழந்தை பிறக்கும் அத்தியாயத்தை சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே நாள் நடிகைக்கும் நிஜமாகவே மகன் பிறந்தான். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான்! அந்தத் தொடரில் "கர்ப்பம்" என்ற சொல்லையே உச்சரிக்க விடவில்லை, கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில்தான் படுத்தார்கள்.

டிவி முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட அலுமினியத் தட்டில் உறைய வைத்த சாப்பாடு வந்தது. வான்கோழி ஒரு குழியில், சர்க்கரைவள்ளி ஒரு குழியில், பட்டாணி ஒரு குழியில். சூடாக்கினால் போதும்.

நெடுஞ்சாலைகள் வாழ்க்கையை எப்படி மாற்றின?

1919இல் இளம் அதிகாரியாக ஐசன்ஹோவர் ஒரு ராணுவ வண்டி அணிவகுப்போடு நாட்டைக் குறுக்காகக் கடந்தார். சேற்றிலும் உடைந்த பாலத்திலும் சிக்கிச் சிக்கி 62 நாள் ஆயிற்று. பிறகு போரில் ஜெர்மனியின் விரைவுச் சாலைகளைக் கண்டார். 1956இல் அவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழி செய்தது, செலவில் 90 சதவீதம் கூட்டரசின் பொறுப்பு, பணம் பெட்ரோல் வரியிலிருந்து.

சாலையோர உலகமே புதிதாக முளைத்தது. மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன் விடுதி 1952இல் திறந்தது. கலிஃபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948லேயே பரிமாறும் ஆட்களை நிறுத்திவிட்டு, 15 சென்ட் ஹாம்பர்கரை வரிசையில் நின்று வாங்க வைத்தார்கள். லெவிட் வீட்டுக்குச் செய்ததை அவர்கள் சாப்பாட்டுக்குச் செய்தார்கள். மினசோட்டாவில் 1956இல் கூரையும் குளிர்சாதனமும் போட்ட முதல் பெரிய மால் திறந்தது.

எல்லோருக்கும் அந்தச் சாலை ஒரே மாதிரி இல்லை. எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எந்த விடுதியில் படுக்க விடுவார்கள் என்று கறுப்பினப் பயணிகளுக்காக விக்டர் கிரீன் என்ற ஹார்லெம் தபால்காரர் 1936 முதல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டுவந்தார். 1960களிலும் அது விற்றது. நகரங்களுக்குள் சாலை போட இடம் தேடியபோது டெட்ராய்ட், மயாமி, செயின்ட் பால் போன்ற ஊர்களில் இடிபட்டவை பெரும்பாலும் கறுப்பினத்தவரின் வீதிகள்.

ராக் அண்ட் ரோல் ஏன் பெற்றோரைப் பயமுறுத்தியது?

பையன்கள் கையில் காசு இருந்தது, மலிவான சின்ன இசைத்தட்டு இருந்தது, 1954 இறுதியில் சட்டைப் பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்துவிட்டது. அப்பா கூடத்தில் கேட்பதைக் கேட்க வேண்டிய கட்டாயம் போயிற்று. அவர்கள் கேட்டதோ கறுப்பின இசை, அல்லது அதிலிருந்து பிறந்தது. உண்மையான பயம் அங்கேதான் இருந்தது, இடுப்பை ஆட்டுவது சாக்கு. 1956 செப்டம்பர் 9 அன்று எல்விஸ் பிரெஸ்லியை எட் சல்லிவன் நிகழ்ச்சியில் சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். மறு ஜனவரியில் வந்தபோது கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றை அவருக்கு முன்பே பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். அதற்காகத் தனக்கு வந்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு வசதியிலும் ஏன் பயந்தார்கள்?

1949இல் சோவியத் அணுகுண்டை வெடித்தது, சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிந்து ஒளியப் பயிற்சி எடுத்தார்கள். 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் குற்றம்சாட்டி நாட்டையே கலக்கினார். பழைய கூட்டத்துக்குப் போனது, ஒரு கையெழுத்துப் போட்டது, யாரோ காட்டிக்கொடுத்தது என்று ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களையும் அரசு வேலையிலிருந்து தேடித் தேடி நீக்கினார்கள். 1954இல் ராணுவத்தோடு அவர் மோதிய விசாரணை டிவியில் ஓடியது, மக்கள் அவர் மிரட்டுவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆண்டு இறுதியில் செனட் 67க்கு 22 என்று அவரைக் கண்டித்தது.

அப்போது பணக்காரர்களுக்கு 91 சதவீத வரி இருந்ததாமே?

இருந்தது, ஆனால் மேல்தட்டு வருமானத்தின் உச்சிக்கு மட்டும். விலக்குகளைப் பயன்படுத்தித் தப்பியவர்களே அதிகம், முழுசாகக் கட்டியவர்கள் சொற்பம். தொழிலாளியின் வாழ்க்கையை மாற்றியதில் வரியைவிடத் தொழிற்சங்கத்துக்குப் பங்கு அதிகம் என்பேன். 1950களில் கூலித் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 1950இல் வால்டர் ராய்தர் தலைமையிலான கார்த் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. விலைவாசி ஏறினால் சம்பளம் தானாக ஏறும், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு உண்டு. பதிலுக்கு, எதை எப்படி உற்பத்தி செய்வது என்பதில் சங்கம் தலையிடாது. மற்றத் தொழில்களும் இதையே பின்பற்றின. வாட்ஸாப் படத்தில் இருக்கும் அப்பாவின் சம்பளம் முதலாளியின் பெருந்தன்மையில் வந்ததல்ல.

ஏழைகளே இல்லையா?

1959 கணக்குப்படி நூற்றில் 22 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. கறுப்பினத்தவரில் பாதிக்கு மேல், முதியவர்களில் மூன்றில் ஒருவர். அப்பலேசிய மலைகளின் சுரங்க ஊர்கள், தெற்கின் குத்தகை விவசாயிகள், பழம் பறிக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்கள், நிலத்தை விட்டு நகரத்துக்குப் போகச் சொல்லப்பட்ட பூர்வகுடிகள். டிவியில் இவர்கள் யாரும் வரவில்லை.

கிரெடிட் கார்டு அப்போதே வந்துவிட்டதா?

1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது, முதலில் நியூயார்க் உணவகங்களுக்கு. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் 60,000 பேருக்குக் கேட்காமலே அட்டையைத் தபாலில் அனுப்பிவைத்தது. மோசடியும் வாராக்கடனும் குவிந்தன. ஆனாலும் விடவில்லை. அதுதான் பிற்பாடு விசா ஆயிற்று.

அந்த அமெரிக்காவில் இந்தியர்கள் இருந்தார்களா? தமிழர்கள்?

மிகக் குறைவு. 1917 சட்டம் இந்தியர் வரவையே தடுத்திருந்தது, 1923இல் இந்தியர் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல் ஒரு சட்டம் கதவை ஒரு விரற்கடை திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம், இருப்பவர்கள் குடிமக்கள் ஆகலாம். அதனால் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவர் தலிப் சிங் சௌந்த். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு விவசாயம் பார்த்தவர், 1956இல் கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கர்.

தமிழர்களில் நமக்குத் தெரிந்த பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். வளாகத்தில் அவர் பாடம் எடுப்பதற்கு, நிறத்தைக் காரணமாக வைத்து ஒரு துறைத் தலைவர் எதிர்ப்புக் காட்டியபோது, பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதைத் தள்ளிவிட்டார். 1953இல் சந்திரசேகர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். இன்று நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் கதை 1965 குடியேற்றச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி பதில் பக்கம் வேண்டும்.